கஞ்சி வண்டி

டணால்!

வராந்தாவில் எவர்சில்வர் கிண்ணம் விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் உருண்டு, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் முட்டி, தனக்குத்தானே ஆடி ஆடி ஓய்ந்தது. 

மொசைக் தரையில் நோன்புக் கஞ்சி பரவி ஓடியது. அதற்கு நடுவே ஒரு முழ நீளமுள்ள ரிமோட் டிரக் ஒன்று மல்லாந்து கிடந்தது. நாலு சக்கரமும் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன. ரிமோட்டின் விசையிலிருந்து விரலை எடுக்க ஹம்மாது மறந்துபோயிருந்தான்.

இந்த வாசலில் அவன் மனைவி சாய்மா. எதிர் வாசலில் அவன் அக்கா வஜீஹா. நடுவில் பதினாலு அடி.

"உங்க அக்காகிட்ட சொல்லுங்க, கஞ்சி கொட்டிடுச்சு, வேற ஊத்தித் தர்றேன்னு" என்றாள் சாய்மா.

வஜீஹாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் தம்பியைத்தான் பார்த்தாள். "இன்னாடா சொல்றா உன் பொண்டாட்டி?"

"கஞ்சி கொட்டிடுச்சாம்க்கா. வேற தர்றாளாம்."

"கொட்டினத நானும்தான் பாத்தேன். கண்ணு நல்லாத்தான் கீது. இந்தப் பேய் வண்டியெல்லாம் வேணாம், நீயே எடுத்துக்கினு வா."

சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஹம்மாது ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, இடது கையில் மாப்புக் கட்டையும் வலது கையில் புதுக் கிண்ணமுமாக, வழுக்காமல் எதிர் வாசலுக்கு நடந்தான். அது பதிமூன்றாவது நோன்பு. பதிமூன்றையும் அவன் நின்றபடியேதான் துறந்திருக்கிறான்.

ஹம்மாதுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் கிடையாது. இந்த ரமலானில் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பாங்கு சொல்லும்போது தரையில் காலை மடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவே கூடாது. அவ்வளவுதான்.

காலை நாலு மணிக்கு, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு எழுவான். எட்டு மணிக்கெல்லாம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி, ஆயில் மாற்றி, ஸ்பிரிங்கை உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்திப் பூட்டுவது அவன் தொழில். இருபத்திரண்டு வருஷமாகச் சென்னை ரோட்டின் பள்ளங்கள்தான் அவனுக்குச் சோறு போடுகின்றன. நாலரைக்குக் கிளம்பி, மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, மூன்று மாடி ஏறி, ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால், அங்கே இரண்டாவது ஷிப்ட் காத்திருக்கும்.

எல்லாம் முதல் நோன்பன்று ஆரம்பித்தது.

வஜீஹாவின் கணவர் ஜித்தாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். ஒரே மகள் மெஹக் ஐந்து மாதம் முன்பு கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். அதனால் முதல் நாளே சாய்மா ஒரு கிண்ணம் கஞ்சியைத் தானே எடுத்துப்போய்க் கொடுத்தாள். நல்ல எண்ணத்தில்தான். பாங்கு சொன்னதும் வஜீஹா ஒரு வாய் குடித்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னாடி இது, ஆஸ்பத்திரிக் கஞ்சி மாதிரி கீது?"

நோன்பு வைத்துக்கொண்டு சமைக்கிறவள் உப்புப் பார்க்க முடியுமா? எல்லாம் கைக்கணக்குதான். நாக்கு வறண்டு, அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றவளுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

"இனிமே என் கால் இந்த வாசல்ல படாது" என்றாள் சாய்மா.

"என் காலு மட்டும் உன் வாசல்ல படுமா?" என்றாள் வஜீஹா.

ஆக, நாலு கால் கணக்கிலிருந்து போயின. மிச்சம் இருந்தது ஹம்மாதின் இரண்டு கால்.

சரி, அதோடு கஞ்சியாவது நின்றதா? அதுதான் இல்லை. அனுப்பாமல் விட்டால் தோற்றதாக அர்த்தம் என்று சாய்மா நினைத்தாள். திருப்பி எதுவும் தராவிட்டால் கௌரவம் என்னாவது என்று வஜீஹா நினைத்தாள். கஞ்சி போகும், வடை வரும். "வடையில எண்ணெய் ஜாஸ்தின்னு சொல்லுங்க" என்ற செய்தி போகும், "அவ வீட்டுத் துவையல்ல புளி ஜாஸ்தின்னு சொல்லு" என்ற பதில் வரும். கடைசியாகக் காலிக் கிண்ணம் வரும். தினமும் நாலு நடை. மகன் வேலூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், அவனையும் ஏவ முடியாது. கீழே இருக்கும் வாட்ச்மேன் அம்மாசியிடம் ஒருநாள் கொடுத்தனுப்பியதற்கு, வஜீஹா கதவையே திறக்கவில்லை.

"கண்டவங்க கையில கஞ்சி வாங்க நான் இன்னா பள்ளிவாசல் க்யூவுலயா நிக்கிறேன்? தம்பி கையிலதான் வாங்குவேன்."

அம்மாசி அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "உப்பு கரெக்டாதான் பாய் இருந்துச்சு" என்று தீர்ப்பு மட்டும் சொன்னான்.

இந்த நிலைமையில்தான் பாலகணேஷ் பட்டறைக்கு வந்தான். அடையாற்றில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மண் மேட்டில் ரிமோட் டிரக் பந்தயம் ஓட்டுகிறவன். அவன் டிரக்கின் ஷாக் தண்டு ஒன்று வளைந்துவிட்டது. கட்டைவிரல் அளவே உள்ள ஷாக். உள்ளே பிஸ்டன், ஆயில், வெளியே ஸ்பிரிங் என்று நிஜ ஷாக்கில் உள்ள எல்லாமே இதிலும் இருந்தது. ஹம்மாது அதைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்றான். பாலகணேஷ் மறுநாளே தன்னுடைய பழைய டிரக் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். கூடவே ஒரு பையில் ஸ்பிரிங்குகளும் குட்டிக் குட்டி ஆயில் பாட்டில்களும்.

"பரண்ல தூங்குது பாய். நீங்க வச்சிக்கங்க. உங்க கைக்குப் பொருத்தமான பொம்மை."

வீட்டுக்கு வந்ததும் ஹம்மாது மனைவியிடம் ஒரு சந்தேகம் கேட்டான்.

"நீ கால் படாதுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"இதுக்கு ஏது கால்? சக்கரம்தானே."

சாய்மா டிரக்கைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டைப் பையில் ஸ்பேனர். பல நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சக்கரம் போலாம்" என்று உத்தரவு கொடுத்தாள்.

அப்படிப் போன சக்கரம்தான் பதிமூன்றாம் நாள் மல்லாந்து கிடந்தது.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கெல்லாம் ஹம்மாது வராந்தாவில் பழைய பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்தான். டிரக்கின் மேல் மூடியைக் கழற்றி எறிந்தான். அங்கே ஒரு டிபன் பாக்ஸ் மூடியைத் திருகி, அதில் பானை வைக்கிற பிரிமணையை ஒட்டினான். கிண்ணம் நகராமல் உட்கார்ந்தது. அது சுலபமான வேலை. சிரமமெல்லாம் கீழேதான்.

பாலகணேஷுக்கு வீடியோ கால் போட்டான்.

"பாய், அது ஜம்ப் அடிக்கிறதுக்காக நான் செட் பண்ணது. ஸ்பிரிங் கட்டி, ஆயில் தண்ணி. மேட்டுல ஏறினா துள்ளும்."

"எனக்குத் துள்ளக் கூடாது சார். நெலப்படி ஒரு இஞ்ச் ஒசரம். ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு நெலப்படி. நடுவுல தரை பொளந்து ஒட்டுப் போட்ட இடம் ஒண்ணு. மூணையும் தாண்டணும், ஒரு சொட்டு சிந்தக் கூடாது."

"இன்னா பாய், ஊரே அத வச்சு ரேஸ் ஓட்டுது. நீங்க கஞ்சி ஓட்டுறீங்க!"

"என் கஷ்டம் எனக்கு. இன்னா ஸ்பிரிங் போடணும், அத சொல்லுங்க."

மென்மையான ஸ்பிரிங்குகளை மாட்டினான். கஞ்சி மாலையில்தான் தயாராகும் என்பதால், கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தான். நோன்பு வைத்தவன் பகல் ஒரு மணிக்குத் தளும்பும் தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நோன்பு வைத்தவர்களுக்குத் தெரியும். நிலைப்படியில் ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது பின்பக்கம் டொக்கென்று தரையில் இடித்து, தண்ணீர் எகிறியது. நிறுத்தினால் மூக்கு குத்தி, முன்பக்கம் வழிந்தது.

ஆயிலை மாற்றினான். ஒவ்வொரு ஷாக்காகக் கவிழ்த்து வடித்து, கெட்டியான ஆயிலை ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்தான். குமிழி ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தது. ஒரு குமிழி உள்ளே நின்றாலும் ஷாக் சோடா பாட்டில் மாதிரி ஆகிவிடும். நாலு ஷாக்கும் முடியும்போது மூன்று மணி. கண் இருட்டிக்கொண்டு வந்தது.

எதிர் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"லீவு நாள்ல படுத்துத் தூங்கக் கூடாதா? காலையிலருந்து தரையில உக்காந்துக்கினு..." என்றாள் வஜீஹா.

"தூங்கத்தான்க்கா பாடுபட்டுக்கினு கீறேன்."

"இது நல்லா ஓடிச்சுன்னா இன்னா ஆவும்?"

"நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சண்டை போடலாம். நான் உக்காந்து நோன்பு துறப்பேன். ஒரு நடை கூட வர மாட்டேன். கிண்ணம் வரும், கிண்ணம் போவும்."

வஜீஹா கிண்ணத்தையும் டிரக்கையும் பார்த்தாள். பிறகு "ம்" என்றாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மறுபடி ஓட்டினான். இப்போது டிரக் கட்டைவண்டியாகிவிட்டது. ஆயில் அவ்வளவு கெட்டி. நிலைப்படி, ஒட்டுப் போட்ட இடம், எல்லாவற்றிலும் தடக் தடக்கென்று மோதி, பாதித் தண்ணீர் பெட்ஷீட்டில் வந்து சேர்ந்தது.

ஹம்மாது சுவரில் சாய்ந்தான். கண்ணை மூடினான். தூக்கமா மயக்கமா என்று தெரியாத ஒரு பத்து நிமிஷம்.

கண் திறந்தபோது எதிரே டிரக் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு நின்றது. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது போல அதைப் பார்த்தான். பின்பக்கம் தரையோடு தரையாகப் படிந்திருந்தது. ஷாக் முழுவதும் அமுங்கி, இனி அமுங்க இடமே இல்லாமல் கிடந்தது.

தலையில் அடித்துக்கொண்டான்.

பட்டறையில் புதிதாக வருகிறவர்களை அவன் திட்டாத நாள் கிடையாது. 'வெறும் வண்டிய வச்சு ஷாக் செட் பண்ணாதே, ஓட்டறவன ஏத்தி உக்கார வச்சு அளவு எடு.' இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்தவன், காலையிலிருந்து காலி டிரக்கைத் தரையில் வைத்து, அது அழகாக நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் அதன் தலையில் முக்கால் கிலோவை ஏற்றிக்கொண்டிருக்கிறான். புத்தி அவ்வளவு களைத்துப் போயிருக்கிறது!

மீண்டும் கழற்றினான். கிண்ணத்தை மேலேயே வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையத்தைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகினான். பின்பக்கம் மெல்ல எழுந்தது. சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகள் தரைக்கு மட்டமாக வந்ததும் நிறுத்தினான். முன் ஷாக்குக்கு நடுத்தரமான ஆயில். பின் ஷாக்குக்கு அதைவிட ஒரு நம்பர் கெட்டி. கெட்டியானால்தான் மேடு ஏறியபின் பின்பக்கம் துள்ளாமல் நிதானமாக எழும்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது தண்ணீர்க் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. விசையை அழுத்தினான். டிரக் நிலைப்படியை முன்சக்கரத்தால் தொட்டது. ஏறியது. ஒரு யானை உட்கார்ந்து எழுகிற மாதிரி பின்பக்கம் அமுங்கி எழுந்தது. தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் விரிந்து அடங்கியது. ஒட்டுப் போட்ட இடத்தில் அதுவும் இல்லை. எதிர் நிலைப்படி வரை போய், திரும்பி வந்து, அவன் முழங்காலருகே நின்றது. விரலால் விளிம்பைத் தடவினான். வெளிப்பக்கம் காய்ந்திருந்தது.

உள்ளிருந்து சாய்மா எட்டிப் பார்த்தாள். "ஆச்சா?"

"ஆச்சு" என்றான்.  ஒரு பொம்மைக்காக அழுகிற வயசா என்று சமாளித்துக்கொண்டு, எழுந்து முகம் கழுவப் போனான்.

ஆறு மணி ஐந்து நிமிஷம். கூடத்தில் சாய்மா சாப்பாட்டுத் துணியான சுப்ராவை விரித்தாள். பேரீச்சம்பழம், வெட்டிய தர்பூசணி, கஞ்சி, துவையல். ஹம்மாது வாசலுக்கு நேராக உட்கார்ந்தான். காலை மடித்தான். முழங்கால் இரண்டும் 'மடக்' என்று ஒரு சத்தம் போட்டன. பதினாலு நாளில் முதல் முறை.

கிண்ணத்தை டிரக்கில் ஏற்றி, தட்டால் மூடினாள் சாய்மா. கஞ்சி மணத்தோடு வண்டி கிளம்பியது. இந்த வீட்டு நிலைப்படி, தாண்டியது. ஒட்டுப் போட்ட இடம், தாண்டியது. வஜீஹாவின் நிலைப்படியில் ஏறி, அமுங்கி, இறங்கி, உள்ளே போய் நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு கிண்ணத்தை எடுத்தது. வளையல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். ஒரு குறை இல்லை, ஒரு செய்தி இல்லை.

"ஒண்ணும் சொல்லலியே உங்க அக்கா" என்றாள் சாய்மா. அவள் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரி இருந்தது.

"சொல்றதுக்கு இன்னா கீது? அதான் சிந்தாம போய்ச் சேந்துச்சே."

பாங்கு ஒலித்தது. ஹம்மாது பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தான். அதன் இனிப்பை நாக்கு முழுதாக அறிந்தது. தண்ணீரைக் குடித்தான். அது தொண்டையில் இறங்கி, நெஞ்சில் இறங்கி, வயிற்றுக்குப் போவது வரை பின்தொடர முடிந்தது. உட்கார்ந்து குடித்தால் தண்ணீருக்குக் கூட ருசி வந்துவிடுகிறது. கஞ்சியில் ஒரு வாய் எடுத்தான்.

"வடைய வாங்கிடுங்க, ஆறிடும்" என்றாள் சாய்மா.

இடது கையால் ரிமோட்டை எடுத்துப் பின்னால் இழுத்தான். எதிர் வீட்டு வாசலில் டிரக் பின்புறமாக வெளியே வந்தது. மெதுவாக, ஆடாமல், அசையாமல் வந்து சுப்ராவின் ஓரத்தில் நின்றது.

அதில் வடை இல்லை. போன கிண்ணமே திரும்பி வந்திருந்தது. தட்டை எடுத்துப் பார்த்தாள் சாய்மா. கஞ்சி விளிம்பு வரை அப்படியே இருந்தது. ஒரு கரண்டி கூட எடுக்கவில்லை.

சாய்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "பதிமூணு நாளும் குறை சொல்லிட்டாவது குடிச்சாங்க. இன்னைக்கு வாயிலயே வைக்கலியே. உடம்பு கிடம்பு சரியில்லியா? போய்ப் பாருங்களேன்."

ஹம்மாது மடித்த காலைப் பார்த்தான். கஞ்சியைப் பார்த்தான். "யா அல்லாஹ்" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டான். பதினாலு அடியும் கோபமாகவே நடந்தான்.

"அக்கா! இன்னா இது? அவ எவ்ளோ நேரம் நின்னு செய்றா தெரியுமா? நான் நேத்துலருந்து உயிர விட்டுக்கினு..."

வழக்கமாக நிலைப்படிக்கு இப்பாலேயே நின்று கொடுத்துவிட்டு ஓடுகிறவன். இன்று கோபத்தில் உள்ளே போய்விட்டான். போனவன் நின்றான்.

கூடத்தில் சின்ன சுப்ரா விரித்திருந்தது. வஜீஹா அதன் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேரீச்சம்பழக் கொட்டை ஒன்று அவள் தட்டில் கிடந்தது. அவளுக்கு எதிரே இன்னொரு தட்டு. மூடி வைத்த வடை. இரண்டு டம்ளரில் ரோஸ் சர்பத். ஒன்றில் பாதி குறைந்திருந்தது. மற்றது நிறைய இருந்தது. ஐஸ் கரைந்து மேலே வெள்ளையாகத் தெளிந்து நின்றது.

"யாருக்கா வந்துக்கிறாங்க?"

"யாரும் வரல."

"அப்ப இந்த டம்ளர்?"

"தெனமும் வெக்கிறதுதான். நீ எங்க உள்ள பாத்தே? கிண்ணத்தக் குடுத்துட்டு ஓடுவே."

ஹம்மாதுக்குக் கையில் கிண்ணம் கனத்தது. கோபம் எங்கே போயிற்று என்று தேடினான். உள்ளே எங்கோ அமுங்கியது, மேலே எழுந்து வரவேயில்லை.

"குடிக்கக் கூடாதாக்கா? கஞ்சி இன்னா பண்ணுச்சு?" என்றான் மெதுவாக. "சாய்மா பயந்துட்டா. உன் சண்டைய அவகிட்ட நேரா வந்து போடேன். இல்லன்னா முடிச்சுக்கயேன். எத்தினி நாளைக்கு இது?"

வஜீஹா நிறைந்திருந்த டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"முடிச்சுட்டா நீ எதுக்குடா இந்தப் பக்கம் வரப்போறே?"